கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும்

ஓசூரில் ஆலோசனை மையம் நடத்தும் இளம் உளவியலாளர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார். விபத்தையோ வன்முறையையோ சந்தித்துவிட்டு முதல் முறையாக வருகிறவர்களிடம் நிரப்பி வாங்குவதற்கான படிவம். ஐந்து பக்கம். நான் பார்த்துத் திருத்திக் கொடுத்தால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். முதல் கேள்வி இது: "என்ன நடந்தது? விரிவாக எழுதவும்."

அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் திருப்பி அனுப்பினேன். புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று தொலைபேசியில் கேட்டார். ஒரு வரியில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

உளவியலுக்கு வருவதற்கு முன் ஏழு ஆண்டுகள் நான் ஒரு நாளிதழில் நிருபராக இருந்தேன். தருமபுரியில் தொடங்கி, பிறகு கிருஷ்ணகிரி, ஓசூர். சாலை விபத்து, தொழிற்சாலை விபத்து, தற்கொலை, இவைதான் பெரும்பாலும் என் பங்கு. யார், எங்கே, எப்போது, எப்படி என்று வரிசையாகக் கேட்டு வாங்குவதில் எனக்கு நல்ல பெயர். ஒரு கொதிகலன் விபத்தில் தப்பிய தொழிலாளி ஒருவரிடம் மருத்துவமனைப் படுக்கையிலேயே முழு விவரமும் வாங்கினேன். மறுவாரம் கட்டுப்போட்ட கையோடு அவர் அலுவலகத்துக்கு வந்தார். செய்தியில் பிழை எதுவும் இல்லை என்று அவரே சொன்னார். "படிச்சேன் மேடம். மறுபடியும் நடந்துச்சு" என்றார். நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு வேலையை விட்டேன். பெங்களூரில் மூன்று ஆண்டு படிப்பு, ஓராண்டு வார்டு பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சேர்ந்தேன். சுற்றியிருந்த ஆலைகள் சில அந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் வைத்திருந்தன. விபத்தில் கையைக் கொடுத்தவர்களை அறுவைப் பிரிவு பார்க்கும். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எங்களிடம் வருவார்கள்.

பிரிவுக்குத் தலைவர் டாக்டர் நரசிம்மன். வீட்டில் தெலுங்கு, வார்டில் தமிழ், பாகலூர் பக்கத்திலிருந்து வருகிறவர்களிடம் கன்னடம். ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருந்தன. நோயாளி உள்ளே வருமுன் அவரே எழுந்து நாற்காலியை நகர்த்துவார். நோயாளியின் நாற்காலி கதவுக்குப் பக்கத்தில், கதவைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தன் நாற்காலி ஒருபோதும் கதவுக்கும் நோயாளிக்கும் நடுவில் வரக்கூடாது. மேசைக்குப் பின்னால் உட்கார மாட்டார். எவ்வளவு நேரம் பேசப்போகிறோம், எதைப் பற்றி, யாருக்கு அறிக்கை எழுதப்போகிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவார். தூக்கம், சாப்பாடு, பேருந்து கிடைத்ததா என்பதைத் தாண்டி முதல் நாளில் எதையும் கேட்க மாட்டார்.

இந்த அணுகுமுறைக்கு இப்போது ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது, பயிலரங்குகள் இருக்கின்றன, சான்றிதழ்கூடத் தருகிறார்கள். அன்று எங்களிடம் பெயர் இல்லை. டாக்டரிடம் ஒரு பென்சில் இருந்தது. என் குறிப்பேட்டை வாரம் ஒருமுறை வாங்கிப் படிப்பார். நோயாளிக்குத் தேவையில்லாமல், எனக்குத் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்ததால் நான் கேட்ட கேள்வி ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பார். வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்.

முத்துலட்சுமி வந்தது நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில். பெயரை மாற்றியிருக்கிறேன். இருபத்திரண்டு வயது, சிவகங்கைப் பக்கம். மூக்கண்டப்பள்ளியில் அக்கா பாண்டியம்மாள் வீட்டில் தங்கி, அருகிலிருந்த ஒரு சிறு ஆலையின் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தாள். உலோகத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ்ஸில் இருவர் வேலை. முன்னால் நிற்பவர் தகட்டை வைத்துக் காலால் பெடலை மிதிப்பார். பின்னால் நிற்பவர் அடிபட்டு வரும் உருப்படியை எடுத்துப் போடுவார். மிதித்தது முத்துலட்சுமி. எடுத்தது ஷமீம் என்ற பெண், இவளைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் காலை ஷிப்டில் உருப்படி டை என்ற அச்சில் சிக்கியது. ஷமீம் கையை விட்டு எடுக்கும்போது பிரஸ் இறங்கியது. வலது கையில் மூன்று விரல்கள் போயின.

முதல் சந்திப்பிலேயே இவ்வளவையும் வாங்கிவிட்டேன். ஷிப்ட், இயந்திர எண், எத்தனையாவது உருப்படி என்பது வரை. அவள் தயங்காமல், மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். நாற்காலியில் வலது காலை மட்டும் மடித்து மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதையும் குறித்தேன்: "வலது காலை மடித்து உட்காரும் பழக்கம்." இரண்டு பக்கக் குறிப்பு. எனக்கே திருப்தியாக இருந்தது. டாக்டர் அதில் பதினான்கு புள்ளிகள் வைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டு வாரம் கழித்து ஆலையிலிருந்து சூப்பர்வைசர் நாகராஜ் தொலைபேசியில் அழைத்தார். பரிசோதனை முடிந்து இயந்திரத்தை மீண்டும் ஓட்ட அனுமதி கிடைத்துவிட்டதாம். "வெள்ளிக்கிழமை மெஷினுக்குப் பூஜை போடறோங்க மேடம். அந்தப் புள்ளயே வந்து கற்பூரம் ஏத்தட்டும். அதுக்கும் மனசு தெளியும், ஷாப்புல இருக்கிறவங்களுக்கும் ஒரு இது." அக்காவிடம் கேட்டுவிட்டதாகவும், அவர் சம்மதித்துவிட்டதாகவும் சொன்னார். குரலில் உண்மையான அக்கறை இருந்தது. சக தொழிலாளர்கள் அவளை ஒதுக்கவில்லை என்பது எனக்கு நல்ல செய்தியாகப் பட்டது. சரி என்றேன். குறிப்பேட்டிலும் அப்படியே எழுதினேன்.

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். பிரஸ்ஸைத் துடைத்துப் பொட்டிட்டு மாலை போட்டிருந்தார்கள். முத்துலட்சுமி கற்பூரம் ஏற்றினாள். பிறகு பூசணிக்காய் வந்தது. மேலே சதுரமாக வெட்டி, உள்ளே குங்குமத்தைக் கொட்டிக் கரைத்து, மூடி, அதன்மேல் சூடம் வைத்து, இயந்திரத்தை மூன்று சுற்றுச் சுற்றி பிரஸ்ஸின் காலடியில் போட்டு உடைத்தார்கள்.

இந்த ஊரில் எந்த ஆலையிலும், எந்தக் கடைவாசலிலும் நடப்பதுதான். நிருபராக எத்தனையோ ஆயுத பூஜைகளுக்குப் போயிருக்கிறேன். அவ்வளவு முறை பார்த்ததாலேயே, உடைத்தால் என்ன தெரியும் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. சிமெண்ட் தரையெல்லாம் சிவப்பு. வெள்ளைச் சதை துண்டு துண்டாக. பெடலின்மேல் சிவப்பு வழிந்தது. முத்துலட்சுமியின் வலது கால் தரையிலிருந்து மெதுவாக மேலே போனது. ஒற்றைக் காலில் நின்றாள். யாரோ பிடிப்பதற்குள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அந்தக் காலைத் தரையில் ஊன்ற வைக்க முடியவில்லை. இருவர் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏற்றினார்கள்.

டாக்டரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை.

"யாரைக் கேட்டீங்கம்மா?"

"சூப்பர்வைசர் கேட்டார் சார். அக்கா சரின்னாங்க. நானும் சரின்னேன்."

"மூணு பேரு ஆச்சு. போறது யாரு?"

அடுத்த இரண்டு சந்திப்புகளுக்கு முத்துலட்சுமி வரவில்லை. டாக்டர் என்னை அவள் வீட்டுக்குப் போகச் சொன்னார். மன்னிப்புக் கேளுங்கள், காரணம் சொல்லாதீர்கள் என்றார். காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு கடினம் என்று மூக்கண்டப்பள்ளிக்கு நடந்து போகும் வழியில்தான் தெரிந்தது. என் மனத்தில் நல்ல நல்ல காரணங்கள் வந்துகொண்டே இருந்தன.

வரிசை வீடு. அக்கா டீ போடப் போனார். உன்னைக் கேட்காமல் நான் சரி சொன்னேன், அது என் தப்பு, இனி உன்னைக் கேட்காமல் எதற்கும் சரி சொல்ல மாட்டேன் என்றேன்.

"நீங்களும் அவுக ஆளுதான்னு நெனச்சேன்" என்றாள்.

உள்ளேயிருந்து அக்கா, "பெரியவுகள அப்படியா பேசுவ?" என்றார். இவள் விடவில்லை. "தப்புன்னு அவுகளே சொல்றாக. ஒனக்கென்ன?"

மறுவாரம் வந்தாள். நான் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினேன். நாற்காலியை எங்கே போடுவது என்று அவளே முடிவு செய்தாள். குறிப்பேட்டை அவள் பார்க்கும்படி நடுவில் வைத்தேன். வேண்டாம் என்று அவள் சொன்னதை அவள் கண் முன்னாலேயே அடித்தேன். பேச்சை நிறுத்த வேண்டும் என்று தோன்றினால் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கையைத் தூக்கினால் போதும் என்றேன். எல்லோரிடமும் நாங்கள் சொல்லும் வழக்கமான ஏற்பாடு அது.

"கையெல்லாம் தூக்க மாட்டேன்."

வேறு எப்படி என்றேன். யோசித்து, தண்ணீர் குடித்தால் நிறுத்திவிடுங்கள் என்றாள். அன்றிலிருந்து அவள் பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். கை ஏன் கூடாது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்டால் அது எனக்காகக் கேட்டதாக இருக்கும். டாக்டரின் பென்சில் புள்ளி கண்ணுக்குத் தெரிந்தது. கேட்கவில்லை.

வேலையெல்லாம் காலைப் பற்றித்தான். விபத்தைப் பற்றிப் பேசவே இல்லை. முதலில் மடித்த சாக்கின்மேல் வலது பாதத்தை வைத்தாள். இத்தனை நிமிடம் என்ற கணக்கு இல்லை, கட்டாயம் இல்லை, எடுக்க நினைத்தால் எடுத்துவிடலாம். பிறகு வெறும் தரை. மார்கழிக் குளிரில் எங்கள் அறையின் சிமெண்ட் தரை ஐஸ்போல இருக்கும். "சில்லுன்னு இருக்கு" என்று ஒருநாள் சொன்னாள். அன்று வேறெதுவும் செய்யாமல் அனுப்பிவிட்டேன். அந்தக் காலில் ஏதோ ஒன்று உணர்ந்ததாக அவள் சொன்னது அதுவே முதல் முறை.

அக்கா வீட்டில் கால் தையல் மெஷின் ஒன்று இருந்தது. விபத்துக்குப் பின் அது ஓடினால் இவள் தெருவுக்குப் போய்விடுவாள். பேசி ஒரு ஒழுங்கு வைத்தோம். முதலில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு மிதியின்மேல் பாதத்தை வைப்பது. கழற்றுவது அவள், பெல்ட் அவள் மடியில் இருக்கும். பிறகு பெல்ட் இல்லாமல் ஆட்டுவது. பிறகு பெல்ட்டை மாட்டி, ஊசியை எடுத்துவிட்டு ஓட்டுவது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் நாளை அவள் சொல்வாள். ஒருமுறை இரண்டு வாரம் ஒரே படியில் நின்றாள். இன்னொரு முறை ஒரு படி கீழே இறங்கினாள். இறங்கியதற்கு நான் எதுவும் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்ததை நான் கவனித்தேன்.

மாசி வாக்கில் அக்காவின் பாவாடை ஒன்றுக்கு ஓரம் தைத்தாள். அதே வாரம் ஆலையிலிருந்து கடிதம் வந்தது.

விபத்து பற்றிய உள் விசாரணையை முடிக்க வேண்டும். பெடலை மிதித்தவர் இயந்திரத்தின் முன் நின்று நடந்ததை நடந்தபடி செய்துகாட்ட வேண்டும். அதற்கு அவர் தகுதியாக இருக்கிறார் என்று சான்று தர வேண்டும். கடிதத்தோடு பணியாளர் மேலாளரும் நேரில் வந்தார். விசாரணை அறிக்கையின் வரைவு ஏற்கெனவே தயாராக இருந்தது. அதில் ஒரு வார்த்தையை நான் தலைகீழாகவே படித்துவிட்டேன். பத்திரிகை அலுவலகத்தில் கற்ற வித்தை. "கவனக்குறைவு."

அந்த வார்த்தை பதிவானால் அவளுக்கு வேலை போகும். எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு இருந்தது. முத்துலட்சுமியும் தன்னைப் பற்றி அந்த வார்த்தையைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள். கையெழுத்தும் முத்திரையுமாக அது வந்தால் பிறகு எந்தத் தையல் மெஷினும் உதவாது.

"ஒரு தடவை நின்னு காட்டினா முடிஞ்சுது மேடம். அஞ்சு நிமிஷ வேலை" என்றார் மேலாளர்.

முடியாது என்றேன். அவர் சிரித்தார். "நீங்க டாக்டர் கிடையாது, இல்லீங்களா?"

டாக்டர் நரசிம்மன் அங்கேதான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். "எழுதறது அவங்கதான். நான் கையெழுத்து மட்டும் போடுவேன்" என்றார்.

முத்துலட்சுமியைக் கேட்டேன். மெஷின் பக்கம் போக மாட்டேன், ஆனால் பேசுவேன் என்றாள். அதையே எழுதினேன். செய்துகாட்டச் சொல்லக் கூடாது. பிரஸ் ஷாப்பில் வைத்து விசாரிக்கக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். கேள்விகளை முன்கூட்டியே தர வேண்டும். அவர் தண்ணீர் குடித்தால் விசாரணையை நிறுத்தி, அவர் டம்ளரைக் கீழே வைத்த பிறகே தொடர வேண்டும். நான் உடனிருப்பேன். மேலாளர் மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்று முறையும் அதே வாசகத்தைப் புதுத் தாளில் எழுதினேன். இனி இந்த மருத்துவமனைக்கு ஆள் அனுப்பப் போவதில்லை என்று நிர்வாகத்துக்குத் தகவல் போயிற்று. நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு, ஒரு டம்ளர் தண்ணீருக்காகவா இவ்வளவு என்று கேட்டார். ஆமாம் என்றேன். டாக்டர் மூன்று தாளிலும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

கடைசியில் நிபந்தனைகளை ஆலை ஏற்றது; விசாரணை அதன் பயிற்சி அறையில் நடந்தது. மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, தொழிலாளர் தரப்பில் ஒருவர், நாகராஜ். முத்துலட்சுமி கதவோரம் உட்கார்ந்தாள். வலது பாதம் தரையில் இருந்தது. கேள்விகள் கொடுத்த வரிசையிலேயே போயின. ஒருமுறை தண்ணீர் குடித்தாள். மேலாளர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். அதைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் முறை குடித்தபோது அவர் நிறுத்தவில்லை. தாளில் இல்லாத ஒரு கேள்விக்குப் போய்விட்டார்.

"கவனமா இருந்திருந்தா அந்தம்மா கை உள்ள இருந்தது தெரிஞ்சிருக்குமில்ல? தெரிஞ்சும் மிதிச்சீங்களா, தெரியாம மிதிச்சீங்களா? ரெண்டுல..."

முத்துலட்சுமி டம்ளரைக் கீழே வைத்தாள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கினாள். உள்ளங்கை அவரைப் பார்த்து விரிந்திருந்தது.

நான் வாயைத் திறக்குமுன் நாகராஜின் குரல் வந்தது. "சார், நிறுத்துங்க."

பிரஸ் ஷாப்பில் இருபது வருடம் வேலை பார்த்த மனிதர். அந்தக் கையைப் பார்த்ததும் அவர் உடம்பு முந்திக்கொண்டது. மேலாளர் நிறுத்திவிட்டார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் அந்தக் கை அப்படியே இருந்தது. அவள் கையை இறக்கினாள்.

"எங்க ஷாப்புல இதான் சார் சைகை. பின்னாடி நிக்கிறவுக கையத் தூக்குனா மிதிக்கக் கூடாது. ஷமீம் அக்கா அன்னைக்குத் தூக்குனாக. ஆஸ்பத்திரியில பாக்கப் போனப்ப அவுகளே கேட்டாக, 'தூக்குனேனே முத்து, நீ பாக்கலியா'ன்னு. நான் பாக்கல சார். எனக்கும் அவுகளுக்கும் நடுவுல டிரே அடுக்கியிருந்துச்சு. என் தலைக்கு மேல இருந்துச்சு."

பாதுகாப்பு அதிகாரி தன் வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் டிரே எதுவும் இல்லை. பரிசோதனைக்கு முன் இடத்தைச் சுத்தம் செய்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். யார் அடுக்கச் சொன்னது என்று கேட்டார்.

நாகராஜ் மேசையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "நான்தானுங்க. ஸ்டோர்ல எடம் இல்லைன்னாங்க. ஒரு நாள் ரெண்டு நாள்தானேன்னு அங்க வெக்கச் சொன்னேன்" என்றார். அவளுக்கு அந்த அறையில் கிடைத்த ஒரே சாட்சி அவர்தான்.

இத்தனை மாதத்தில் அவள் ஏன் இதைச் சொல்லவில்லை என்று மேலாளர் என்னைக் கேட்டார். நான் என் முதல் நாள் குறிப்பை நினைத்துக்கொண்டேன். இரண்டு பக்கம். அவள் கால் என்ன செய்தது என்று எல்லோரும் கேட்டோம். அவள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று நிருபராக இருந்த நான்கூடக் கேட்கவில்லை. அவளும், பார்க்காமல் மிதித்தது தன் குற்றம் என்றே வைத்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போது அவளாகவே சொன்னாள். "ஷமீம் அக்கா தூக்குனப்பயே ஒண்ணும் நிக்கல. நான் தூக்கி என்னத்த ஆவப்போவுதுன்னுதான் அன்னைக்கு மாட்டேன்னேன் மேடம்." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "இன்னைக்கு நின்னுச்சு" என்றாள்.

அறிக்கையிலிருந்து அந்த வார்த்தை போய்விட்டது. அவள் மீண்டும் பிரஸ்ஸில் நிற்கவில்லை. தர ஆய்வு மேசைக்குக் கேட்டுப் போனாள். ஷமீமுக்கு ஸ்டோரில் வேலை கொடுத்தார்கள். நாகராஜுக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. அந்த ஆலை எங்களுக்கு ஆள் அனுப்புவதை ஓராண்டு நிறுத்தி வைத்தது. அதன் பிறகும் வேலை பார்த்தேன், பல ஆண்டுகள், பல பேர். என் முதல் சந்திப்புக் குறிப்புகள் அரைப் பக்கத்தைத் தாண்டியதில்லை.

படிவத்துக்கு வருகிறேன். கேள்விகள் எல்லாம் சரியான கேள்விகளாக இருக்கலாம். ஆனால் அவற்றை வருகிறவர் நிரப்புமுன் நீங்கள் நிரப்ப வேண்டியது ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தின் மேல் அதற்கு இரண்டு வரி இடம் விடுங்கள். இந்த அறையில் இவர் கையைத் தூக்கினால் யார் நிறுத்துவார்? பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு நாற்காலியைக் கதவுப் பக்கம் நகர்த்துங்கள்.